மூன்றாம் மாடியின் சுருக்கம்

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்று மூன்று மாதம். கூட்டம் மட்டும் நிற்காமல் நடக்கிறது. யார் என்ன பேசினார்கள் என்று எழுதிவைக்கும் செயலாளர் நான். வேறு யாரும் கை தூக்காததால் கிடைத்த பதவி.

"எல்லாத்தையும் எழுதாதம்மா, சம்மரைஸ் பண்ணு" என்பார் தலைவர். அந்த இங்கிலீஷ் வார்த்தைமேல் அவருக்குத் தனிப் பிரியம். "அளவு குறையணும், அர்த்தம் குறையக்கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! மூன்றாம் மாடி அண்ணன் பேசுவதை அவர் ஒரு தடவை சுருக்கிப் பார்க்கட்டும். மனிதர் தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொடுவார். மோட்டாரின் வயது, கம்பியின் துரு, முன்பு குடியிருந்த வீட்டு லிஃப்ட்டின் நல்ல குணங்கள் எல்லாம் வரும். போன கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினார். நான் எழுதியது: 'மூன்றாம் மாடிக்காரர் லிஃப்ட்டைப் பற்றிப் பேசினார்.'

இன்று அதை வாசித்ததும் அவருக்கு மூக்குக்குமேல் கோபம். "நான் பேசினது இவ்வளவுதானா?"

"வேற என்னண்ணே சொன்னீங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மறுபடியும் மோட்டாரிலிருந்து ஆரம்பித்தார். தரைத்தளத்தில் குடியிருக்கும் பொருளாளர் கொட்டாவி விட்டார். லிஃப்ட்டே வேண்டாம் என்பது அவர் கட்சி. "படி ஏறுங்க சார், உடம்புக்கு நல்லது."

அப்போது படிக்கட்டில் சத்தம். ஒரு கால், கொஞ்சம் மூச்சு, இன்னொரு கால். அண்ணனின் மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தார். லிஃப்ட் நின்றதிலிருந்து அண்ணியை யாரும் கீழே பார்க்கவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்றல்லவா நினைத்தேன்! பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு முட்டி வலி. லிஃப்ட் இல்லாம வெளிய வர முடியல."



"இதத்தானே நான் இவ்வளவு நேரமா..." அண்ணன் இழுத்தார்.

"படிக்கட்டு வழியா எல்லாம் கேட்டுச்சு. மோட்டார் இருந்துச்சு, கம்பி இருந்துச்சு. நான் எங்க இருந்தேன்?"

"நாலு பேர் முன்னாடி உன் வலியச் சொல்ல மனசு வரலடி."

கல்மனசுக்காரி என்று பெயர் வாங்கிய நானே போன கூட்டத்தில் எழுதிய வரியை அடித்தேன். பொருளாளர் மட்டும் மசியவில்லை. "அடுத்த கூட்டத்துல பேசலாம்" என்று எழுந்தார்.

"தாராளமா பேசுங்க. இப்ப என்னை மேல கொண்டுபோய் விடுங்க" என்றார் அண்ணி, அசையாமல்.

நாற்காலியோடு தூக்க நாலு பேர் வேண்டும். அண்ணன் ஒரு பக்கம் பிடித்தார், தலைவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாலாவது காலுக்குப் பொருளாளரை விட்டால் தெம்பான ஆள் இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அவருக்கு முதல் மாடியிலேயே தெரிந்துவிட்டது. நாற்காலியை இறக்கச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து, "முதல்ல... அந்த லிஃப்ட்ட..." என்றார். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

"லிஃப்ட்ட சரிபண்ணப் பொருளாளர் சம்மதிச்சார்னு எழுதிக்கவா?"

வேகமாகத் தலையாட்டினார்.

"அர்த்தம் குறையல" என்றார் தலைவர், மூச்சிரைக்க.

அண்ணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அப்ப தூக்குங்க. இன்னும் ரெண்டு மாடி இருக்கு."