கிறிஸ்துநாயகத்தின் முழங்காலும் மூன்றாவது கொள்கையும்

அன்ரனெற் நாற்பத்தெட்டு வயதில் நேர்சிங் படிக்கப் போனதில் ஒருவருக்கும் கரைச்சலில்லை, புருசன் கிறிஸ்துநாயகத்தைத் தவிர. முழங்கால் மாற்று ஒப்பரேசன் முடிந்து, மோர்னிங்சைட் அப்பார்ட்மென்ற் சோபாவில் கிடந்த மனுசன் இப்போது அவளுடைய அசைன்மென்ற். இரண்டு பராமரிப்புக் கொள்கைகளை ஒரு நோயாளியில் ஒப்பிட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுத வேண்டும். ஏற்கெனவே ஒருதரம் பெயில். இதுவும் பெயிலென்றால் படிப்பே போச்சு.

திங்கள், முதலாவது கொள்கை: நோயாளி ஏலுமானதைத் தானே செய்யவேணும், ஏலாததற்கு மட்டும் நேர்ஸ் கைகொடுப்பாள்.

"இஞ்சேரும், தேத்தண்ணி."

"நீங்களே எழும்பிப் போடுங்கோ."

"ஏலாது."

"முழங்காலாலையோ?"

"இல்லை. கேத்தில் எங்கை இருக்கெண்டு தெரியாது."

இருபத்தாறு வருசக் கலியாணத்துக் குறைபாட்டை முழங்காலின் தலையில் கட்ட அன்ரனெற்றுக்கு மனம் வரவில்லை.

புதன், இரண்டாவது கொள்கை: காற்றும் வெளிச்சமும் அமைதியும் இருந்தால் உடம்பு தேறும். யன்னலைத் திறந்தாள். கனடாவின் மாசி மாதம், வெளியே பனி. போர்வைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது.

"உந்தக் கொள்கையை எழுதின ஆள் ஸ்காபரோவில இருந்ததோ?"

அமைதியை, ஆட்டெலும்புச் சூப்போடும் திராட்சையோடும் நோய் பார்க்க வந்த சனம் குடித்துவிட்டுப் போனது. இதே ஒப்பரேசன் செய்து, எழும்பாமலே போன ஒருவரின் கதை ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள்.

வியாழன் பின்னேரம்வரை மனுசன் ஓரடி வைக்கவில்லை. பிடித்து நடக்கக் கொடுத்த வோக்கரில் சேர்ட் காய்ந்தது.

அப்போதுதான் நீக்கிலாஸ் அண்ணை வந்தார். சனிக்கிழமைகளில் சேர்ச் ஹோலில் கிறிஸ்துநாயகத்தோடு சோடி சேர்ந்து முந்நூற்றிநாலு சீட்டு விளையாடுகிறவர். சப்பாத்தும் கழற்றவில்லை.

"ஆறுதலாப் படு மச்சான். உன்ரை இடத்துக்கு அமிர்தநாதரைப் போட்டாச்சு."

"ஆரை? துரும்பைக் கையில வைச்சுக்கொண்டு மேசைக்குக் கீழை தேடுறவனையோ?"

"சரி வாறன், லிப்ற் வந்திட்டுது."

போர்வை நிலத்தில் விழுந்தது. சேர்ட் தொங்கத் தொங்க வோக்கர் கொரிடோருக்குள் ஓடியது.

"டேய் நீக்கிலாஸ்! நில்லடா!"

அன்ரனெற் பேனையோடு பின்னால் போய் எண்ணினாள். பதினேழு அடி. வலியென்ற சொல்லே வரவில்லை. வந்த மற்றச் சொற்களை எழுத முடியாது.

இரண்டு கொள்கையோடு, நோயாளியின் இடத்துக்கு இன்னொருவரைப் போடுவதென்ற மூன்றாவதையும் சேர்த்து இரவிரவாக எழுதிக் கொடுத்தாள். அடுத்த கிழமை மறுமொழி வந்தது: பாஸ். கீழே ஒரு குறிப்பு: மூன்றாவது கொள்கை யாருடையது? மூலத்தைக் குறிப்பிடவும்.

உடனே போன் எடுத்தாள்.

"அண்ணை, உங்கடை முழுப்பேரைச் சொல்லுங்கோ."

"ஏன் பிள்ளை, பொலிசுக்கோ?"

"புரபெசருக்கு. அமிர்தநாதரைப் போட்ட விசயம்."

நீக்கிலாஸ் குரலைத் தாழ்த்தினார்.

"அது சும்மா சொன்னது பிள்ளை. உவன் படுத்த நாளிலையிருந்து நாங்கள் சீட்டுக்கட்டே பிரிக்கேல்லை. அதையும் எழுதோணுமோ?"

"வேண்டாம் அண்ணை," என்றாள் அன்ரனெற். குசினிக்குள் கிறிஸ்துநாயகம் ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து கேத்திலைத் தேடிக்கொண்டிருந்தார். அது அடுப்பில்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை, அடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.