வீட்டுக்கு ஓர் ஆண்

கோயில் வாசல் வழியாகப் போனால் லோத்ராவின் கூட்டாளிகள் மறிப்பார்கள் என்று தெரிந்துதான் மெர்த்தி கடற்பக்கமாக இறங்கினாள். அலை ஏறிக்கொண்டிருந்தது. கறுத்த பாறைகளில் பாசி வழுக்கியது. இடுப்பில் அப்பாவின் கறுப்பு வெள்ளைக் கட்டத்துணி, மேலே கறுப்பு ரவிக்கை, உச்சியில் இறுக்கி முடிந்த கொண்டை, காதோரம் ஒரு செம்பருத்தி. பின்னால் அவள் கணவன் சுதார்த்தா இரண்டு பேருடைய செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மெதுவா போ மெர்த்தி. விழுந்தா மாமா என்னைத்தான் திட்டுவாரு."

"நான் விழமாட்டேன்."

"நீ விழமாட்ட. நான் விழுவேன். அதத்தான் சொல்றேன்."

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் ஓர் அலை முழங்கால்வரை வந்து அடித்தது. ஒரு செருப்பு போய்விட்டது. யாருடையது என்று பார்க்க இருவருக்கும் நேரமில்லை. சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. மேலே பாறை உச்சியில், கோயிலை ஒட்டிய கல் மேடையைச் சுற்றி ஆட்டம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் உட்காரத் தொடங்கியிருக்கும் சத்தம் காற்றில் வந்தது.

அந்த மேடையில் வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் பஞ்சாரின், அதாவது ஊர்க்கூட்டத்தின், முறை. வீட்டுக்கு ஓர் ஆண் வந்து வட்டமாக உட்கார வேண்டும். மேளம் கிடையாது, தாளக்கருவி கிடையாது, குரல்தான் எல்லாம். ஒருவன் விடும் இடைவெளியில் அடுத்தவன் 'சாக்' என்று விழுவான். அவன் விட்டதில் இன்னொருவன். இத்தனை பேரும் தடுமாறாமல் இருப்பதற்கு ஒரே ஒரு குரல் மட்டும் நடுவில் 'புங்... புங்...' என்று மாறாமல் போய்க்கொண்டிருக்கும். அந்தப் புங் மெர்த்தியின் அப்பா ரெகெக்கினுடையது. அவருக்கு முன்னால் அவர் அப்பாவினுடையது.

ரெகெக் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்ததிலிருந்து அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. தொடர்ந்து மூன்று முறை ஒரு வீடு ஆள் அனுப்பவில்லை என்றால், அந்த இடம் அதே வம்சத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இன்றைக்கு மூன்றாவது முறை. அடுத்த வீடு லோத்ராவினுடையது. அவன் அவளுக்குப் பெரியப்பா மகன். மெர்த்தியின் கல்யாணத்தன்றே, பன்றிக்கறியை வாயில் வைத்துக்கொண்டே, "பொண்ணு கையில வீடு நிக்குமா?" என்று கேட்டவன். இன்று இடம் அவன் தம்பிக்குப் போனால், நாளை வீட்டுக் கோயிலின் சாவியைக் கேட்டு வருவான். மறுநாள் வயலை. இதில் மெர்த்திக்குச் சந்தேகமே இல்லை.

மேடைக்குப் பின்புறம் ஆண்கள் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். கிராம்புச் சுருட்டின் புகை. பாறை விளிம்பிலிருந்து மெர்த்தியின் தலை எழும்பியதும் யாரோ சிரித்தார்கள்.

"டேய், சீதை வந்துட்டாடா! கடல்லேர்ந்து வர்றா! அம்மா, ஆட்டக்காரிங்க பூச்சு போடுற இடம் அந்தப் பக்கம்."

"நான் சீதை இல்ல. புங்," என்றாள் மெர்த்தி.

சிரிப்பு சட்டென்று நின்றது. லோத்ரா கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தான். அவன் பக்கத்தில் அவன் தம்பி கட்டத்துணி கட்டி, காதில் பூ வைத்து, ஏற்கெனவே மாப்பிள்ளை மாதிரி தயாராக இருந்தான்.

பஞ்சார் தலைவர் சுவெந்த்ரா விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். கெட்ட மனிதர் அல்ல. சண்டை என்றால் ஒதுங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

"மெர்த்தி, உங்க அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"படுத்திருக்காரு. அதான் நான் வந்திருக்கேன்."

"வந்த சரி. அங்க பொம்பளைங்ககூட உக்காந்து பாரு. ராத்திரி சாப்பிட்டுட்டுப் போ."

"பாக்க வரல தலைவரே. உக்கார வந்தேன். எங்க வீட்டு எடம் அது."

"வீட்டுக்கு ஒரு ஆம்பளைன்னுதானம்மா முறை."

"அந்த ஆம்பளை யாருன்னு நீங்கதான சொன்னீங்க?" அவள் நிறுத்தவில்லை. "என் கல்யாணத்துல, சாமி முன்னாடி, பஞ்சார் முன்னாடி நின்னுக்கிட்டு. 'இன்னையிலேர்ந்து இந்த வீட்டுக்கு மெர்த்திதான் ஆண். சுதார்த்தா இந்த வீட்டுக்கு வந்த மருமகள்'னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். அது சட்டத்துக்கு..."

"கோயில் மதில் கட்டுறப்ப கல்லு தூக்க ஆம்பளைங்க வரணும்னு மரமணி அடிச்சீங்க. நான் வந்தேனா இல்லையா? அப்ப யாரும் 'நீ பொம்பளை, போ'ன்னு சொல்லலையே. கல்லு சுமக்க நான் ஆம்பளை, பாட உக்காந்தா மட்டும் பொம்பளையா?"

அவள் தூக்கிய கற்களைப் பலரும் பார்த்திருந்தார்கள். ஒன்று இவர்களில் சிலர் தூக்கமுடியாமல் வைத்துவிட்டுப் போனது.

கெரெத் தொண்டையைச் செருமினார். முன்வரிசையில் இருப்பதிலேயே மூத்தவர் அவர்தான். வெற்றிலை போட்டுப் போட்டுச் சிவந்த வாய். "அதெல்லாம் இருக்கட்டும். தீட்டு கீட்டு இல்லையே?"

"இருந்தா கோயில் எல்லையையே மிதிச்சிருக்கமாட்டேன் தாத்தா. உங்களுக்குத் தெரியாதா?"

"சரி. ராவணன் சீதையத் தூக்குறப்ப மொத்த வட்டமும் பின்னாடி சாயணும். ஒருத்தன் மடியில ஒருத்தன். நீ யார் மடியில சாய்வ?"

அங்கங்கே அடக்கிச் சிரித்தார்கள். இந்தக் கேள்வி வரும் என்று மெர்த்திக்குத் தெரியும். பாறைமேல் வரும்போதே பதிலை மென்று வைத்திருந்தாள்.

"அப்பாவுக்குப் பின்னாடி உக்கார்றது லோத்ரா அண்ணன். சின்ன வயசுல அவர் முதுகுல ஏறித்தான் ஆத்தைக் கடந்திருக்கேன். அண்ணன் மடியில சாயறதுல என்ன தப்பு?"

லோத்ராவின் முகம் இறுகியது. "அண்ணன்னு கூப்பிட்டா ஆச்சா?" என்றான். "தலைவரே, இவ எடத்துக்குத்தான வந்திருக்கா? புருஷன் பக்கத்துலயே நிக்கிறான். நல்ல குரல்தான். அவன் உக்காரட்டும். எடம் அவங்க வீட்டோடவே இருந்துட்டுப் போகுது."

சுவெந்த்ராவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாம்பா! இது நல்லாருக்கே. சுதார்த்தா, வாப்பா."

எல்லோரும் சுதார்த்தாவைப் பார்த்தார்கள். முழங்கால்வரை நனைந்து, கையில் மூன்று செருப்போடு நின்றான். லோத்ரா எதற்கு இவ்வளவு தாராளமாகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. இவன் உட்கார்ந்துவிட்டால், மெர்த்தி ஆண் என்று பஞ்சார் சொன்னது வெறும் பேச்சு என்று ஆகிவிடும். அப்புறம் வந்த மருமகனை அனுப்பிவிட்டு வம்சத்து ஆணை வைப்பதற்கு எவ்வளவு நேரமாகும்? இதை அவனிடம் சொல்லி வைக்கவில்லையே என்று நினைத்தாள். அவன் ஆசைப்படுவான். வந்த நாளிலிருந்து "மருமகளே, சோறு வெந்துச்சா?" என்று ஊரே கேலி செய்கிற ஒருவனுக்கு, ஆண்கள் நடுவில் உட்காரக் கூப்பிட்டால் ஆசை வராதா?

சுதார்த்தா செருப்புகளைக் கீழே வைத்தான். கையைக் கட்டிக்கொண்டான்.

"அது எப்படி தலைவரே? நான் அந்த வீட்டு மருமக. இன்னிக்குக் காலையில படையலுக்குக் குருத்தோலை பின்னினது யாரு? நான்தான். உங்க வீட்டு மருமகளக் கொண்டாந்து இங்க உக்கார வைப்பீங்களா? நல்லாவா இருக்கும்? ஊரு என்ன சொல்லும்?"

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். லோத்ராவின் தம்பிகூடச் சிரித்துவிட்டு, அண்ணன் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"எங்க வீட்டு ஆம்பளை அதோ நிக்கிறா," என்றான் சுதார்த்தா. இதை மட்டும் அவன் சிரிக்காமல் சொன்னான்.

மேடையில் பல கிளை விளக்கை ஏற்றிவிட்டார்கள். பூசாரி தீர்த்தச் செம்போடு வந்து நின்று, "என்ன, இன்னிக்கு உண்டா இல்லையா?" என்றார்.

"அவ உக்காந்தா நான் வாயத் தெறக்கமாட்டேன்," என்றார் கெரெத். "சாமி மேல ஆணை."

"நானும்," என்றான் லோத்ரா. இன்னும் நாலைந்து பேர் அதையே முணுமுணுத்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

சுவெந்த்ரா தலையில் கட்டிய துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார். "சரி, கேளு மெர்த்தி. உக்காரு. புங் சொல்லு. வட்டம் பதில் சொல்லுச்சுன்னா எடம் உங்க வீட்டோடது, இனிமே நான் பேசமாட்டேன். வட்டம் சும்மா இருந்துச்சுன்னா நீயே எந்திரிச்சுப் போயிடணும். வெளியூர்க்காரங்க முன்னாடி என்னால சண்டை போட முடியாது. சம்மதமா?"

"சம்மதம்."

அவர்கள் வரிசையாக இறங்கி உட்கார்ந்தார்கள். கல் இன்னும் பகல் சூட்டோடு இருந்தது. பூசாரி ஒவ்வொரு தலையிலும் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். மெர்த்தியின் தலைக்கு வந்ததும் அவர் கை நிற்கவில்லை. மற்றவர்களுக்குப் போலவே தெளித்துவிட்டு நகர்ந்தார். அவளுக்கு முன்னால் சுடர்கள். பின்னால் லோத்ராவின் மூச்சு. அவனுக்குப் பக்கத்தில், சிவந்த உதட்டை இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு கெரெத். மூத்தவர் இன்று முன்வரிசையை விட்டு அங்கே போய் உட்கார்ந்ததே, அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதற்குத்தான்.

"புங்."

குரல் மெலிந்து வந்தது. கடல் அதைத் தின்றுவிட்டது. யாரும் அசையவில்லை.

"புங்."

வெளியூர்க்காரர்களில் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை ஏதோ கேட்டது. பின்னால் லோத்ரா மெதுவாக, "எந்திரி," என்றான்.

அவள் எழவில்லை. இதை அப்பா அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் வீட்டில் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம், சிறு வயதிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அவள் கேட்டுக் கேட்டு வளர்ந்தது அது. அடிவயிற்றிலிருந்து இழுத்தாள்.

"புங். புங். புங். புங்."

கோபத்தில் வந்தது, அதனால் கனமாக வந்தது. நடை பிசகவில்லை. யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பதில் வந்தால் வரட்டும், வராவிட்டால் இந்த விளக்கு அணையும்வரை தனியாகவே சொல்லிக்கொண்டிருப்பேன் என்பது போல் போய்க்கொண்டிருந்தது.

கெரெத்தின் தொடை ஆடத் தொடங்கியது. அவர் அதைக் கையால் அழுத்திப் பிடித்தார். வாழ்நாளெல்லாம் புங்குக்குப் பிறகு விழுந்த வாய் அது. புங் போகிறது, இடைவெளி வருகிறது, போகிறது, வருகிறது. ஒருவர் எத்தனை முறைதான் தும்மலை அடக்குவார்?

"சாக்!"

கண்ணைத் திறந்து, யார் சொன்னது என்பது போல் அவரே சுற்றிப் பார்த்தார். அதற்குள் அவர் விட்ட இடைவெளியில் விழுகிறவன் விழுந்துவிட்டான். அவன் விட்டதில் அடுத்தவன். உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி வட்டம் முழுக்கக் குமிழ்ந்து கிளம்பியது. அறுபது வாய்கள். கைகள் மேலே எழுந்து விரல்கள் நடுங்கின. மேடை ஓரத்தில் சுவெந்த்ரா பெருமூச்சு விட்டதை யாரும் கேட்கவில்லை. லோத்ராவின் வாய் மட்டும் மூடியிருந்தது.

சீதை வந்தாள். பொன்மான் வந்தது. ராவணன் வட்டத்துக்குள் காலை வைத்தான். வட்டத்தை நடத்துகிறவன் கத்தியதும் அந்தப் பக்கத்து வரிசைகள் அலை போலப் பின்னால் சாய்ந்தன. மெர்த்தியும் சாய்ந்தாள்.

பின்னால் மடி இல்லை. லோத்ரா காலை இழுத்துக்கொண்டிருந்தான்.

தலை கல்லில் மோதியது. கண்ணுக்குள் விளக்குகள் இரண்டு மடங்காயின. வாயில் உப்புக் கரித்தது. ஆனால் புங் நிற்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்சம் கரகரத்து வந்தது. அவள் மற்றவர்களோடு சேர்ந்து எழுந்து உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடி சாய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கையை ஊன்றிக்கொள்ளலாம். பாதி சாய்ந்து நிறுத்திக்கொள்ளலாம். வெளிச்சம் மங்கிவிட்டது, யாருக்கும் தெரியாது. லோத்ராவுக்கு மட்டும் தெரியும். அவனுக்குத் தெரிந்தால் போதாதா?

நடத்துகிறவன் மறுபடி கத்தினான். மெர்த்தி கைகளை மேலே தூக்கி, முழு உடம்பையும் பின்னால் எறிந்தாள்.

கல் இல்லை. எலும்பும் தோலுமாக ஒரு கால் குறுக்கே வந்து அவள் தலையைத் தாங்கியது. கெரெத் பக்கத்திலிருந்து காலை நீட்டியிருந்தார். "சாக்"குக்கும் "சாக்"குக்கும் நடுவில் லோத்ராவை இடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "மண்டை ஒடைஞ்சா புங் நின்னுடும்டா, மடையா. மடிய வை."

லோத்ரா வைத்தானா என்று மெர்த்தி பார்க்கவில்லை. அதன் பிறகு சாய்ந்தபோதெல்லாம் கீழே ஏதோ ஒன்று இருந்தது. அது யாருடையது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. நடுவில் எப்போதோ பின்னாலிருந்தும், விருப்பமில்லாத, முரட்டுத்தனமான ஒரு "சாக்" சேர்ந்துகொண்டது.

ஆட்டம் முடிந்து வெளியூர்க்காரர்கள் கைதட்டி எழுந்தபோது அவளால் உடனே எழ முடியவில்லை. பின்மண்டையில் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. சுவெந்த்ரா அவளைத் தாண்டிப் போகும்போது ஒன்றும் பேசவில்லை. பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தார் அல்லவா.

லோத்ரா நின்றான்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"அடுத்த வெள்ளிக்கிழமையும் நான்தான் உனக்குப் பின்னாடி."

"தெரியும்ண்ணா," என்றாள் மெர்த்தி. முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீ மடி வைச்சாலும் சாய்வேன். எடுத்தாலும் சாய்வேன். உனக்கு எது தோதோ செய்."

அவன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தான். மெர்த்தி கையை ஊன்றி எழுந்தாள். கொஞ்சம் தள்ளாடியது. சுதார்த்தா பிடிக்க ஓடிவந்தான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தானே நேராக நின்றாள்.