சோடாபுட்டி ஐயாவின் கண்ணாடி

போதகருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. அவ்வளவு தடிமன். அச்சகத்தில் அவரோடு புத்தகம் தைக்கிறவர்கள் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்க வருகிறவர்களுக்கும் அவர் சோடாபுட்டி ஐயாதான். கோபித்துக்கொள்ளத் தெரியாத மனுஷன், சிரித்துக்கொள்வார். அப்படிக் கூடி ஜெபிப்பது குற்றம் என்று அவரைப் பிடித்துக்கொண்டு போன அன்று, ஜீப்பில் ஏற்றிய தள்ளுமுள்ளில் கண்ணாடி கீழே விழுந்து பூட்ஸ் காலில் நொறுங்கிப்போனது.

அன்றிலிருந்து அவர் மனைவிக்கு அந்தக் கண்ணாடியே கவலை. புருஷனை வெளியே கொண்டுவர அவளால் ஆகாது. வக்கீல் கையை விரித்துவிட்டார், கூடப்பிறந்த தம்பியே போனை எடுப்பதில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாரே, சோற்றில் கிடக்கிற பூச்சிகூடத் தெரியாதே என்று புலம்பினாள். ஆண்டவரிடம் கேட்டாள், சண்டையும் போட்டாள். தையல் ஆலையில் காலர் சரிபார்க்கிற வேலை முடிந்ததும் நேரே காவல் நிலைய வாசலில் போய் நிற்பாள். ஒரு கண்ணாடி மட்டும் கொடுத்துவிடுகிறேன் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சுவாள். விரட்டிவிடுவார்கள்.

திடீரென்று ஒருநாள் அதிகாரியே ஆள் அனுப்பி, கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெபம் கேட்கப்பட்டது என்று அடுப்படியிலேயே முழங்கால் போட்டாள். இந்த மனுஷனுக்கு ஏன் திடீர் இரக்கம் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, பாவம்.

தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரரிடம் ஓடினாள். அவரும் ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்காருகிறவர்தான். பாடும்போது மட்டும் சுதி சேராது. போதகர் யார் பெயரையும் சொல்லாததால்தான் அவர் கடை இன்னும் திறந்திருக்கிறது. ஐயாவின் அளவு அவருக்கு மனப்பாடம். கையிலிருந்த வேலையையெல்லாம் தள்ளிவைத்து, லென்ஸைத் தானே தேய்த்துப் பொருத்தி, மூக்கில் உட்காருகிற இடத்தில் மெத்தென்று ரப்பரும் வைத்தார். ஐயாவுக்கு மூக்கு சிவந்துபோகும் என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அதிகாரி அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் அம்மாவின் கண்ணாடிக்கு வாரக்கணக்கில் அலைந்த கதையைச் சொல்லி, இது மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார். இத்தனை நாளும் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தவள்தான். ஆனால் சந்தோஷம் வந்தால் அவளுக்கு நாக்கு நிற்காது.

"வேற ஆளுன்னா இழுத்தடிச்சிருப்பாங்க சார். முனைக்கடை அண்ணன் எங்களவரு, அதான் உடனே செஞ்சு குடுத்தாரு."

அதிகாரி காவலரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். டீ வாங்கிவரச் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போதகரைக் கூட்டிவந்தார்கள். பாதி உடம்பாகியிருந்தார். அவளே கண்ணாடியை மாட்டிவிட்டாள். அவர் பார்வை அவள் முகத்தில் வந்து நின்றது. இளைச்சுட்டியே என்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் வெளுத்துப்போனது.

"ஏம்மா இதைக் கொண்டாந்தே?"

அதிகாரி மேசையில் ஒரு தாளை வைத்து, எதிரே கேமராவை நிறுத்தச் சொன்னார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நான் போதித்ததெல்லாம் பொய் என்று அவர் தன் வாயால் படிக்கவேண்டும். கூடத்துக்கு வந்தவர்கள் பெயரையும் அதன் கீழே எழுதிக்கொடுக்கவேண்டும். செய்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கண் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லியே இத்தனை நாள் தள்ளியிருக்கிறார். அதிகாரி தன் கண்ணாடியைக்கூட அவருக்கு மாட்டிப் பார்த்தாராம், எடுபடவில்லை. அடிக்குப் பயந்த மனுஷன், மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராது. அவருக்கு இருந்த ஒரே மறைவு அதுதான். அதைத்தான் அவள் கெஞ்சிக் கூத்தாடிப் பிடுங்கியிருக்கிறாள்.

வந்துடுங்க என்று சொல்ல அவளுக்கு வாய் துடித்தது. படிக்காதீங்க என்று சொல்லவும் துடித்தது. இரண்டையும் சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

போதகர் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, அவள் கையில் வைத்தார்.

"நல்லாத் தெரியுது சார். ஆனா படிக்க மாட்டேன்."

அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

அழுதுகொண்டே நடந்தாலும் மனசுக்குள் ஒரு பெருமை இருந்தது. ஐயா மறுதலிக்கவில்லை, உங்கள் பெயரும் வெளியே வரவில்லை என்று கடைக்காரரிடம் சொல்லவேண்டும். தெருமுனைக்கு வந்தபோது கடை வாசலில் ஜீப் நின்றது. கடைக்காரரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயில் வந்த வார்த்தை அவளுக்கே ஞாபகம் வந்தது.

அவர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கண்ணாடியையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"ஐயா மேல வருத்தப்படாதம்மா. அடிச்சா யாருதான் தாங்குவா?"

"ஐயா சொல்லலண்ணே," என்று அவள் ஓடினாள். "நான்தாண்ணே சொன்னேன்."

ஜீப் அதற்குள் கிளம்பிவிட்டது. இரைச்சலில் அது அவர் காதில் விழவில்லை.