சித்தப்பா மகன்

போலீஸ் சார்ஜன் கணேசமூர்த்தி தார்ப்பாயைத் தோள்வரை விலக்கினார்.

“உன் புருசன்தானா?”

முத்தாயி தலையாட்டினாள்.

“வாயத் தொறந்து சொல்லணும்மா. தலையாட்டறத எப்படி எழுதறது?”

“அவருதாங்க.”

ஸ்டேஷன் முற்றத்தில் மூன்று உடல்கள் வரிசையாகக் கிடந்தன. முதல் இரண்டும் பச்சைச் சட்டை போட்ட சீனர்கள். யாராவது அடையாளம் காட்டட்டும் என்று விடிந்ததிலிருந்து வெயிலில் போட்டிருந்தார்கள். அவர்கள் தொப்பிகளை அவரவர் நெஞ்சின்மேல் வைத்திருந்தார்கள். நல்லசாமி மூன்றாவதாகக் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை போடும் வெள்ளைச் சட்டை. அவனுக்குத் தொப்பி இல்லாததால் அவனுடைய துணிப்பையை நெஞ்சின்மேல் வைத்திருந்தார்கள்.

சார்ஜன் பையைத் தூக்கி மேசைக்குக் கொண்டுபோனார். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். திருப்புளிகள், ஒரு தூரிகை, மைக்குழாய், ஸ்டென்சில் தாள்.

“காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுங்க நோட்டீஸ் அடிக்கிறானுங்க. அவனுங்களுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் இதுல இருக்கு. இருட்டுற நேரத்துல, தோட்டத்துப் பின்வேலிக்கு வெளியில, பால்மரத்துக்குள்ள சைக்கிளத் தள்ளிட்டுப் போயிருக்கான். நில்லுன்னு கத்தியிருக்காங்க. கத்துனது வெளிநாட்டுப் பட்டாளம். அது இவனுக்குப் புரிஞ்சுதோ என்னமோ, ஓடியிருக்கான். ஞாயித்துக்கெழம அந்தக் காட்டுல இவனுக்கு என்ன வேலை?”

என்ன வேலை என்று முத்தாயிக்குத் தெரியும். சிரம்பானில் தட்டச்சு மிஷினும் சைக்ளோஸ்டைல் மிஷினும் பழுது பார்க்கும் வெள்ளைக்காரக் கம்பெனியில் நல்லசாமி வேலை பார்த்தான். தோட்டத்து ஆபீசில் மிஷின் நின்றுபோனால் கம்பெனிக்கு எழுதிப்போட்டு, ஆள் வரும்வரை காத்திருந்து, அவர்கள் கேட்கும் கூலியைக் கொடுக்க வேண்டும். அதனால் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணிமார்கள் கம்பெனிக்கு எழுதாமல் கம்பெனி ஆளையே ஞாயிற்றுக்கிழமை ஓசையில்லாமல் வரவழைத்தார்கள். அதே ஆள், அதே திருப்புளி, பாதிக் கூலி. சிரம்பானை ஒட்டிய லோபாக்கில் அவர்கள் இருந்த வீட்டுக்கு வாடகை அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்துதான் வந்தது.

மலாயாவில் அவசரகாலச் சட்டம் வந்தபின் இது ஆபத்தான வேலையாகிவிட்டது. சைக்ளோஸ்டைல் வைத்திருக்கும் ஆபீசெல்லாம் போலீசில் பதிந்துகொள்ள வேண்டும். கம்பெனித் தாளோடு வரும் ஆளைத் தவிர வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது. மீறினால் விசாரணை இல்லாமலே உள்ளே போடலாம். வேலை நிற்கவில்லை, பேச்சு மட்டும் நின்றது. “யாரு கேட்டாலும் மிஷின்னு ஒரு வார்த்த வரக்கூடாது” என்று நல்லசாமி அவளிடம் பலமுறை சொல்லியிருந்தான்.

“சொந்தக்காரங்களப் பாக்கப் போனாருங்க” என்றாள்.

“அந்தத் தோட்டத்துலயா? யாரு?”

அந்தத் தோட்டத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பெயர். “இராஜமாணிக்கம் கிராணி வீட்டுக்கு.”

சார்ஜனின் பென்சில் நின்றது. அவளுடைய வெறுங்காலையும் சாயம் போன சேலையையும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“கிராணி உங்களுக்குச் சொந்தம். சரி. அவர வரச் சொல்லு. என் முன்னால நின்னு, ஆமா எங்க ஆளுதான், எங்க வீட்டுக்குத்தான் வந்தான்னு சொல்லட்டும். நீ தூக்கிட்டுப் போகலாம். மத்தியானம் லோரி வரும். வந்துட்டா மூணு பேருக்கும் ஒரே குழி, ஒரே லிஸ்டு. அப்பறம் உன்னையும் கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க.”

“எந்த ஊருக்குங்க? நான் இங்க பொறந்தவ.”

“அதெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்கம்மா.”

வெளியே பக்கீர் முகம்மது தன் கடை லோரியோடு நின்றிருந்தார். லோபாக்கில் பக்கத்துக் கடைக்காரர். நடந்ததைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“பொய் சொல்றதுதான் சொல்ற, கூலிக்காரங்க லயத்துல ஒரு வீட்டச் சொல்லக்கூடாதா தங்கச்சி? போயும் போயும் கிராணி வீட்டச் சொன்னியே லா! அந்த மனுசன் தெருவுல போற நாய்க்கு ஒதுங்குவாரு, நமக்கு ஒதுங்க மாட்டாரு.”

“வேற யாரும் தெரியாது பாய்.”

“சரி, ஏறு. அழறதுன்னா இப்பவே அழுதுடு. அங்க போயி அழுதா காரியம் கெட்டுடும்.”

அவளுக்கு அழுகை வரவில்லை. லோரி முழுக்கக் கருவாட்டு நாற்றம். சாலையின் இரண்டு பக்கமும் பால்மரங்கள் ஒரே சீராக ஓடின. அவற்றுக்குள் எந்த இடம் என்று கேட்க நினைத்து, கேட்காமல் இருந்தாள்.

தோட்டத்து வாசலில் காவல்காரன் லோரியைக் குடைந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டான். ஆபீஸ் வாசலுக்கு வரும்போதே அவளுக்குச் சத்தம் கேட்டது. கடக், கடக் என்று ஒரே தாளத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தாள் வந்து விழுந்தது. அரிசிப் பங்கீட்டு அறிவிப்பு. கண்ணாடியும் வெள்ளைக் கால்சட்டையுமாக இருந்தவர் அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

“யாரும்மா நீ?”

“லோபாக்குங்க. நல்லசாமி வீட்டுக்காரி.”

இராஜமாணிக்கம் கிராணியின் கை கைப்பிடியிலேயே இருந்தது. செய்தி அவருக்கு ஏற்கெனவே வந்திருந்தது முகத்தில் தெரிந்தது.

“நேத்து இங்க யாரும் வரலையே.”

“மிஷின் ஓடுதுங்களே ஐயா.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பின்பக்கமாக அவளைத் தன் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப் போனார். அங்கே துணி துவைக்கும் கல்லருகே நின்று, அவள் எதையும் கேட்பதற்கு முன்பே, கீழ்க்குரலில் கொட்டத் தொடங்கினார்.

“வாசல் வழியாப் போனா காவல்காரன் பேரு எழுதுவான். வெள்ளைக்காரத் துரை பாப்பாரு. அதான் பின்வேலியில ஒரு சந்து இருக்கு, அதுல போன்னேன். எப்பவும் அதுலதான் போவான். நேத்து வேல இழுத்துருச்சு. போதும்டா, பொழுது போச்சுன்னேன். இல்லீங்கய்யா, தாளு இன்னும் கோணலா வருது, முடிச்சுட்டுப் போறேன்னான். இன்னிக்கி இந்த நோட்டீச ஒட்டியாகணும், நானும் சரின்னுட்டேன்.”

பின்வேலி என்று அவர் சொன்னது முத்தாயியின் காதில் விழுந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்று தோன்றியதால் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்த காரியத்தைச் சொன்னாள்.

“சொந்தக்காரன்னு நான் சொல்லணுமா?” கிராணிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “நானா? யாரு நம்புவா? நாளைக்கி துரை கேட்டா என்ன சொல்றது? எனக்கு நாலு பொண்ணு இருக்கும்மா.”

“லோரி வந்துரும் ஐயா. அந்த ரெண்டு பேரோட சேத்து அவரயும் குழியில போட்டுருவாங்க.”

“நான் என்ன பண்றது? என் கையில ஒண்ணுமில்ல. நீ போ.”

“போறேன்” என்றாள் முத்தாயி. “போயி சார்ஜன்கிட்ட மிஷின் கதையச் சொல்றேன். யாரு கூப்பிட்டா, எந்த வழியில அனுப்பினா, எல்லாத்தையும் சொல்றேன். அவரே வந்து மிஷினத் தொறந்து பாக்கட்டும்.”

அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கிராணி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி லெட்சுமி வந்தாள். தலைக்குக் குளித்து முடியை விரித்திருந்தாள். எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருக்க வேண்டும்.

“கத்தாத. லயத்துக்குக் கேக்கும்.” புருசன் பக்கம் திரும்பினாள். “சட்டய மாத்துங்க.”

“லெட்சுமி, யோசிச்சுத்தான் பேசறியா?”

“நீங்க உள்ள போயி உக்காந்துட்டா நாலு பொண்ணையும் வச்சிக்கிட்டு நான் யோசிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். மாத்துங்க.” பிறகு முத்தாயியிடம், “ஒன் மாமனாரு பேரு என்ன?”

“சன்னாசிங்க.”

“கூடப்பொறந்தவன்னா அடையாளக் கார்டுல அப்பன் பேரு இடிக்கும். சித்தப்பா மகன். எங்கப்பாவும் சன்னாசியும் அண்ணன் தம்பி. ஊரு?”

“முசிறிப் பக்கம்னு சொல்லுவாரு.”

“எனக்கும் முசிறிதான். நான் மூத்தவ. நீ என்ன அண்ணின்னு கூப்பிடணும், அவர அண்ணேன்னு. வாய் தவறி ஐயான்னுடாத.” முடியை அள்ளி முடிந்துகொண்டே கேட்டாள். “வேற என்ன கேப்பாங்க?”

முத்தாயிக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் நல்லசாமி கொல்லைப் படியில் உட்கார்ந்து தகரத் தட்டில்தான் சாப்பிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அதை எதற்குச் சொல்வது?

திரும்பும்போது லெட்சுமி முன்னால் பக்கீர் முகம்மதுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிராணி பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் முத்தாயிக்கு எதிரே உட்கார்ந்து, வழி முழுக்க லோரியின் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனில் பிணங்களை ஏற்றும் லோரி இன்னும் வரவில்லை. சார்ஜன் எழுந்து நின்று கிராணிக்கு நாற்காலி போட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

“இவன் உங்களுக்கு என்ன வேணும் சார்?”

“மச்சான் முறை.”

“பேரு?”

கிராணி முற்றத்தைப் பார்த்தபடி சொன்னார். “நல்லசாமி.”

“என் சித்தப்பா மகன்” என்றாள் லெட்சுமி. “மாசத்துல ஒரு நாளாவது வந்து எட்டிப் பாத்துட்டுப் போவான். பையத் தூக்கிட்டுத்தான் அலைவான், கம்பெனி சாமானாச்சே, எங்க வச்சிட்டு வருவான்? பின்பக்கம் குறுக்கு வழின்னு எந்தப் பாவி சொன்னானோ தெரியல.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எதற்குச் சொன்னாள் என்று முத்தாயிக்கு விளங்கவில்லை. கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சார்ஜன் நெடுநேரம் எழுதினார். பிறகு தாளை லெட்சுமி பக்கம் திருப்பி, கையெழுத்து வாங்கினார்.

“எடுத்துட்டுப் போங்க. ஊரடங்குக்கு முன்னால முடிச்சிடணும்.” தொப்பியை எடுத்துக்கொண்டார். “நானும் வரேன். சாவு வீட்டுல அக்கா இருக்காங்க, மச்சான் இருக்காரு. முறையெல்லாம் ஒழுங்கா நடக்கும். பாத்துட்டுப் போறேன்.”

கிராணி நாற்காலியை விட்டு எழுந்தார். வாசலில் நின்ற பக்கீர் முகம்மது, “வாங்க சார்ஜன், முன்னாடி எடமிருக்கு” என்றார்.

லோபாக் வீட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. நல்லசாமியைக் குளிப்பாட்டி வாசலில் பெஞ்சின்மேல் கிடத்தினார்கள். சார்ஜன் கடையிலிருந்து வந்த நாற்காலியில், மடியில் தொப்பியோடு உட்கார்ந்தார். பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். லெட்சுமி சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இங்கே யாரையும் அவளுக்குத் தெரியாது. இங்கிருந்தவர்களில் சிலருக்கு அவளைத் தெரியும், அவர்கள் அழுகையின் நடுவிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

“அக்கா ஓரமா உக்காந்துட்டாங்களே” என்றார் சார்ஜன், யாரிடமும் இல்லாமல்.

முத்தாயி நிமிர்ந்தாள். “அண்ணி” என்றாள். அழுகைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “அண்ணி, இங்க வாங்க.”

பெண்கள் வழிவிட்டார்கள். லெட்சுமி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். முறைப்படி நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். முத்தாயி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சீயக்காய் மணத்தது. அந்தத் தோளில் முகம் பட்டதும், விடிந்ததிலிருந்து வராதது உடைத்துக்கொண்டு வந்தது.

“பொழுது சாயறவர வச்சிருந்தீங்களே அண்ணி! பொழுது சாய அனுப்புனீங்களே! வாசலு இருக்கையில வேலி வழியா அனுப்புனீங்களே அண்ணி! ஒரு ராத்திரி திண்ணையில ஒரு பாய் போட்டிருந்தா ஆகாதா? வந்த தம்பிய ஒரு ராத்திரி வச்சிக்க எடமில்லையா அண்ணி?”

சாவு வீட்டில் அண்ணியைப் பார்த்து எவளும் கேட்கக்கூடிய கேள்விகள்தான். மற்றப் பெண்களும் சேர்ந்து கேட்டு அழுதார்கள். லெட்சுமியின் உடம்பு முதலில் விறைத்திருந்தது. பிறகு விறைப்பு போய்விட்டது. ஆண்கள் கூட்டத்தில் நின்ற கிராணி நகர்ந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார். யாரோ அவரைக் கைபிடித்து இழுத்து வந்து, “மச்சான்காரரு இங்க நில்லுங்க, பாடையில முன்பக்கம் நீங்கதான்” என்று நிறுத்தினார்கள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கரிசிக்கு ஆள் கூப்பிட்டார்கள். பொறந்தவங்க முதல்ல என்றது ஒரு குரல். சுளகில் இருந்து லெட்சுமியின் கையில் அரிசியைக் கொட்டினார்கள். மூன்று சுற்று வந்தாள். குனிந்து, விரல்களைத் திறந்தாள். மூடிய உதட்டில் பட்ட அரிசி நிற்கவில்லை. பாதி கன்னம் வழியாகச் சரிந்து காதுக்குள் போனது.

அடுத்தவள் கையில் அரிசியோடு காத்திருந்தாள். பாடையைத் தூக்க வேண்டியவர்கள் துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கிராணி, “போதும் லெட்சுமி, நேரமாச்சு” என்றார். சார்ஜன் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய், அந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டார்.

லெட்சுமி நகரவில்லை. நல்லசாமியின் தலையை ஒரு கையால் லேசாகத் திருப்பி, காதுக்குள் விழுந்திருந்த அரிசியை நுனிவிரலால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.