எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்ன டம்மி

இது நடந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அறையில் நான்கு பேர் இருந்ததாக ஞாபகம், ஐந்தாகவும் இருக்கலாம். மேதாவி சிரித்த சிரிப்பில் மட்டும் சந்தேகமில்லை.

மேதாவி என்பது அலுவலகம் வைத்த பட்டப்பெயர். லிஃப்டுகளை இயக்கும் புரோகிராம் எழுதுகிற குழுவுக்கு அவன் தலைவன். எழுதியதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் அவனுடைய மச்சினி. வேலை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று வாரம் ஒருமுறையாவது நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிடுவான். அவள் அவன் சட்டைப் பையிலிருந்த மூன்று பேனாக்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்றில்கூட மை இருந்ததில்லை.

புரோகிராமில் ஒவ்வொரு லிஃப்டும் ஓர் ஆப்ஜெக்ட். அதற்குள் பெயர் வைத்த சங்கதிகள் பல உண்டு. சில வெறும் தகவல்: எந்த மாடி, கதவு திறந்திருக்கிறதா. சில மெத்தட்: கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும். தகவலைப் போய் மெத்தட் என்று கூப்பிட்டால் புரோகிராம் அங்கேயே படுத்துவிடும். அதனால் மெத்தட்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். மேதாவியும் பார்த்திருந்தான், நிஜ லிஃப்டின் ஆப்ஜெக்டில் அல்ல, சோதனைக்கென்று அதற்குப் பதிலாக வைத்த டம்மியில்.

“மாமா, இந்த டம்மி எதைக் கேட்டாலும் மெத்தட்னுதான் சொல்லுது.”

“கேக்கறவங்களுக்கு விவரம் இருந்தா சரியாத்தான் சொல்லும். கையெழுத்தப் போடு, ஆஸ்பத்திரிக்காரங்க மதியம் வராங்க.”

அவள் கீபோர்டை இழுத்து, சோதனையில் இருந்த ‘அவசரநிறுத்தம்’ என்ற பெயரை அழித்துவிட்டு ‘கழுதைவால்’ என்று அடித்தாள். மெத்தட்தான் என்றது டம்மி. சோதனையில் தேறியதாகத் திரை முழுக்கப் பச்சை. யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

“கழுதைவாலும் மெத்தடாம். லிஃப்டுல மாட்டிரலாமா மாமா?”

மேதாவியும் சிரித்தான், பல் மட்டும். “உங்கக்கா முகத்துக்காகத்தான் உன்னை வெச்சிருக்கேன். கையெழுத்து இல்லேன்னா நாளைலேர்ந்து வராதே.”

வேலை போனால் மறுபடி அவன் வீட்டு மாடியறைதான். சாப்பாட்டு மேசையில் தினமும் இதே குரல். ஆனால் நோயாளியைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற லிஃப்ட் அது. அவள் தன் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று பக்கத்து நாற்காலித் தலையாட்டி, அவளுக்குப் பதிலாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

மதியம் மேதாவி இரண்டு ஆஸ்பத்திரி அதிகாரிகளோடு லிஃப்டில் ஏறினான். மூன்றாம் மாடிக்கு மேலே பெருமையாக அவசரநிறுத்தப் பொத்தானை அமுக்கினான்; லிஃப்ட் பக்கத்து மாடியில் நின்று கதவைத் திறக்க வேண்டும். நிஜ லிஃப்டில் ‘அவசரநிறுத்தம்’ வெறும் தகவல். புரோகிராம் படுத்தது; லிஃப்ட் நடுவழியில் நின்றது; கதவும் திறக்கவில்லை.

தலையாட்டி அவளுக்குப் போன் செய்தான். “அக்கா, என்ன செய்யறது?”

“யாருக்காவது அடிபட்டுச்சா?”

“இல்லக்கா. வேர்க்குதுன்னு கத்தறாங்க.”

“மெக்கானிக்கக் கூப்பிடு. அதுவரைக்கும் அது தகவலா மெத்தடான்னு உள்ள இருக்கறவரையே யோசிக்கச் சொல்லு. இப்பதான் நேரம் இருக்கே.”

ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் அவர்களை வெளியே இழுத்துவிட்டான்.

கையெழுத்து தலையாட்டியுடையது என்பதால் அவனுக்கு வேலை போனது. ஆஸ்பத்திரி வேறு கம்பெனியிடம் போனது. மேதாவி அதே நாற்காலியில்தான் இருக்கிறான். அவள் ஐந்து மாதம் மாடியறையில் இருந்துவிட்டு, வேறு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவளுடைய அக்கா மாதம் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.