மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒரு பேட்டரி

பிச்சைமுத்துவின் வலது மணிக்கட்டு வீங்கிப் பணியாரம்போல இருந்தது. காரைக் கிளப்ப இரும்புக் கைப்பிடியைச் சுற்றும்போது அது எதிர்த்து உதைத்ததில் வந்த வீக்கம். கப்பலில் கரிக்கூடை சுமந்த காலத்தில் முதுகு மட்டும்தான் வலிக்கும். வாடகைக் கார் ஓட்ட வந்த பிறகு கையும் சேர்ந்துகொண்டது. பேட்டரி செத்து ஒரு வாரம். செல்ஃப் ஸ்டார்ட்டரை மிதித்தால் முனகல்கூட இல்லை.

ஆனாலும் அன்றைக்கு அவன் நடக்கவில்லை, ஓடினான். சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீன், அன்று மாலை நடக்கும் மகன் ஜபருல்லாவின் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அவன் காரைப் பேசியிருந்தார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மகன் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது எவனும் முன்னால் குனிந்து கைப்பிடி சுற்றக் கூடாது, பின்னால் நின்று தள்ளவும் கூடாது. ஒழுங்காக நடந்தால் அவர் குடும்பத்துச் சவாரி எல்லாம் இவனுக்கு. நடுத்தெருவில் நின்றால் வாடகையே கிடையாது. மறுபடி கரிக்கூடைதான்.

மத்தியானம் ஜெயராஜின் பேட்டரிக் கடைக்குள் நுழைந்தான். ஆசிட் நெடி தொண்டையைப் பிடித்தது. தரையில் கறுப்புப் பெட்டிகள் கிடந்தன. சுமைகூலிப் புத்தி போகவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். இடுப்பையே பிடித்துவிட்ட ஒன்றைத் தட்டி, இதில்தான் சரக்கு இருக்கிறது, இதையே கொடு என்றான்.

ஜெயராஜ் சிரித்தான். "அண்ணே, மேல மூடிய எண்ணுங்க. ஆறு இருக்கா? பன்னெண்டு வோல்ட்டு, லோரிக்குள்ளது. உங்க காடி ஆறு வோல்ட்டுலா. இத மாட்டுனா மாப்பிள்ள ஏறுறதுக்குள்ள பல்பு எல்லாம் பட்டுனு போயிடும்."

மூன்று மூடி உள்ளவை இரண்டு இருந்தன. ஒன்று பளபளப்பானது, விலையும் குறைவு. பிச்சைமுத்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஊர்வலம் என்ன வேகத்தில் போகும் என்று ஜெயராஜ் கேட்டான். பைத்து என்கிற வாழ்த்துப் பாட்டுப் பாடுகிறவர்கள் முன்னால் நடப்பார்கள், முக்குக்கு முக்கு நின்று பாடுவார்கள், கார் அவர்கள் குதிகாலை இடிக்காமல் ஊர வேண்டும், பெரிய விளக்கு இரண்டும் கடைசிவரை எரிய வேண்டும் என்று பிச்சைமுத்து பெருமையாகச் சொன்னான்.

"அப்ப அதக் கீழ வைங்க. நத்தை மாதிரி போனா டைனமோ கரண்டு ஒண்ணும் குடுக்காது. விளக்கு ரெண்டும் பேட்டரியத்தான் குடிக்கும். பாதியில இன்ஜின் நின்னுச்சுன்னா செல்ஃபுக்கு மிச்சம் இருக்காது. தகடு கூடுனது வேணும்."

மற்றதைக் காட்டினான். மங்கல் பெட்டி, உள்ளே தகடுகள் அதிகம். விலையைக் கேட்டதும் பிச்சைமுத்து மடியைத் தடவிப் பார்த்தான். முடிந்து வைத்திருந்த பணம் பாதிக்கும் குறைவு. ஊர்வலம் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஜெயராஜே பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பிச்சைமுத்துவின் வீட்டு வாசலில் நின்ற காருக்கு வந்தான்.

காரின் காலடிப் பலகையைக் கழற்றி, அடியில் இருந்த பேட்டரிக் குழிக்குள் இறக்கினால் ஒரு விரல் அளவுக்கு இடித்தது. உளியை எடுத்து மரச்சட்டத்தைச் செதுக்கி உள்ளே அமுக்கினார்கள். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று பழைய பேட்டரியோடு ஒப்பிட்டு ஜெயராஜ் முடுக்கினான். பிச்சைமுத்து செல்ஃபை மிதித்தான். மிதித்த மிதியிலேயே கார் உறுமியது. வீங்கின கையாலேயே ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி மாவுக் கையோடு வெளியே வந்து, பிள்ளை பெறுகிறவள்கூட இப்படிக் கத்தமாட்டாள் என்று ஏசிவிட்டுப் போனாள்.

அந்தி மஃரிபு தொழுகைக்குப் பிறகு ஊர்வலம் புறப்பட்டது. பூச்சரம் தொங்கிய காருக்குள் ஜபருல்லா வியர்த்துக்கொண்டிருந்தான். தெரு முழுக்கச் சனம். கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பாட்டுக்காரர்கள் சட்டென்று நின்றுவிட்டார்கள். பிச்சைமுத்து பிரேக்கை மிதித்தான், கிளட்சை மறந்துவிட்டான். கார் குலுங்கி அணைந்தது.

ஷேக் அலாவுதீன் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவன் தள்ளுவதற்குச் சட்டைக் கையைச் சுருட்டினான். விளக்கு இரண்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. பிச்சைமுத்து செல்ஃபை மிதித்தான். விளக்கு ஒரு கணம் மங்கியது, இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"பாட்டுக்காக நீங்களா நிறுத்துனதா வாப்பா நெனச்சுட்டாருண்ணே," என்று பின்னாலிருந்து ஜபருல்லா முணுமுணுத்தான். "அப்படியே இருக்கட்டும்."

ஊர்வலம் முடிந்து மகன் இறங்கியதும் ஷேக் அலாவுதீன் வாடகையைக் கையில் வைத்து, வெள்ளிக்கிழமை மருமகளைக் கூட்டிவர வரச்சொன்னார். பிச்சைமுத்து மறுநாள் விடிந்ததும் வாடகையை அப்படியே ஜெயராஜிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அப்போதும் குறைந்தது. மீதிக்குப் பணம் வேண்டாம், கடலுக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டால் போதும் என்றான் ஜெயராஜ். பிச்சைமுத்து தலையாட்டினான். திருவிழா வரைக்கும் அந்தச் சவாரி பாக்கி.