அய்யாவு மார்க் கணவாய்

ஆயுத பூஜை அன்று காலையிலேயே எனக்கும் என் புருஷனுக்கும் சண்டை. அவருக்கு அது சண்டையாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

காப்பார் ஊரில் எங்கள் வீட்டு வாசலில் லோரியைக் கழுவி, மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஹாலில் சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், ஜாக், தூண்டில் கோல்கள், ரீல் எல்லாம் வரிசையாக இருந்தன. நகவெட்டிக்குக்கூடப் பொட்டு வைத்தார் மகராசன்! நானும் என் தட்டைக் கொண்டுபோய் ஓரமாக வைத்தேன். தட்டில் இரும்புக் கம்பிகள், ரப்பர் காய்ச்சும் சட்டி, சவர பிளேடு.

“இதெல்லாம் எதுக்கு இங்க?”

“நான் வேலை செய்ற சாமான்தானே?”

“சட்டியும் பிளேடும் ஒரு ஆயுதமா? கொண்டுபோய் அடுப்படியில வை. கடைத் தவுக்கே வர்ற நேரம், பார்த்தா சிரிப்பான்.”

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்தச் சட்டியில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். தூண்டிலில் மாட்டும் ரப்பர் மீன், ரப்பர் புழு எல்லாம் கிழிந்துபோனால் ஆட்கள் கிள்ளானில் இருக்கும் தூண்டில் கடையில் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் அதை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். இவர் வேலை அத்தோடு சரி. உருக்குவது நான். அந்தப் புகையில் தொண்டை கமறும், கண் எரியும். விரல் தடிமன் கம்பியை அதில் முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடியும் மறுபடியும் முக்கினால்தான் தோல் கனமாக வரும். ஆறினதும் கம்பியிலிருந்து உருவினால் ஒரு பக்கம் மூடிய குழாய். திறந்த பக்கத்தைப் பாதிவரைக்கும் பிளேடால் நூல் நூலாகக் கீறினால் கணவாய் மீனுக்கு இருப்பது போல வால் வந்துவிடும். ஒரு நூல் தடித்துப்போனாலும் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றும், சியாக்காப் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. இதைக் கற்றுக்கொள்வதற்குள் என் விரல் எத்தனை தடவை வெந்து போனது! அது கடையில் எந்தப் பேரில் விற்கிறது தெரியுமா? அய்யாவு கணவாய். அய்யாவு என் புருஷன். அந்த ஆளுக்கு வெங்காயம்கூட நறுக்கத் தெரியாது.

அந்தக் கடையின் சீன முதலாளி, தவுக்கே, இனிமேல் அதைப் பாக்கெட்டில் போட்டு எல்லா ஊர்க் கடைக்கும் அனுப்பப் போகிறாராம். பாக்கெட் அட்டையில் செய்கிறவர் படமும் பேரும் வேண்டுமாம். படம் எடுக்கத்தான் அன்றைக்கு வந்தார். ஒரு தடவை அச்சடித்துவிட்டால் அப்புறம் நான் தலைகீழாக நின்றாலும் என் பேர் அதில் ஏறப்போவதில்லை. 

என் புருஷன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

“பாஸ், சும்மா உட்கார்ந்தா நல்லா இல்ல. வால் வெட்டுற மாதிரி எடுக்கலாம் லா,” என்றார் தவுக்கே. எங்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் சரளம்.

“இன்னைக்கு முடியாது பாஸ். எங்க சாமி நாள். ஆயுதத்தத் தொடக் கூடாது.”

கண் இமைக்காமல் சொன்னார். அடப்பாவி! காப்பித் தம்ளரை டொக்கென்று மேசையில் வைத்தேன். அடுப்படியிலிருந்து என் தட்டையும், உருவி வைத்திருந்த ரப்பர் குழாய்களையும் தூக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தேன்.

“இந்தப் பிளேடு பூஜையில இல்ல தவுக்கே. இதத் தொடலாம்,” என்று சொல்லிவிட்டு, ஒரு குழாயை எடுத்து வாலைக் கீற ஆரம்பித்தேன்.

தவுக்கே வாயைப் பிளந்தார். மண்டி போட்டு, கேமராவை என் விரல் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“ஆன்டி, கை மட்டும் போதும் லா. முகம் வேணாம். பேரு அய்யாவுதானே.”

“ஆமா பாஸ், கையையே எடுங்க,” என்று என் புருஷன் பல்லைக் காட்டினார். “யார் கைன்னு யாருக்குத் தெரியப் போகுது?”

 கையை இழுத்துக்கொண்டேன்.

“பேரு அவருதுன்னா கையும் அவருதா இருக்கட்டும்,” என்று எழுந்து, பிளேடையும் இன்னொரு குழாயையும் அவர் கையில் திணித்தேன். “வெட்டுங்க.”

“ஏய், சாமி நாள்ல என்ன இது...”

“இதுதான் ஆயுதமே இல்லையே! காலையில நீங்கதானே சொன்னீங்க? வெட்டுங்க.”

தவுக்கே கேமராவைத் தூக்கினார். இவர் வேறு வழியில்லாமல் பிளேடை வைத்து அழுத்தினார். ரப்பர் வழுக்கியது. பிளேடு குறுக்கே போய், பாதிக் குழாய் வெண்டைக்காய்த் துண்டு மாதிரி தரையில் விழுந்தது. இன்னொன்றை எடுத்தார். அதற்கும் அதே கதிதான். புதுச் சட்டை முதுகில் நனைந்துவிட்டது.

தவுக்கே கேமராவை இறக்கினார். இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இத்தனை வருஷமா யார் பாஸ் செஞ்சது?”

இவர் குனிந்து தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

“ஆன்டி, உங்க பேர் என்ன?”

இத்தனை வருஷம் என் கையால் காப்பி வாங்கிக் குடித்த மனுஷன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

“நல்லம்மாள். நல்லா எழுதிக்குங்க. அட்டையில போட்டா முகத்தோட போடுங்க, இல்லாட்டி இந்த வீட்டுலேருந்து இனிமே ஒரு கணவாயும் வராது.”

“ஓகே ஓகே, கோபம் வேணாம் லா,” என்று தவுக்கே பிலிமைச் சுற்றினார்.

நான் பிளேடைத் திரும்ப வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, தலையை நிமிர்த்தினேன். என் புருஷன் தலையைக் கோதி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்த முகமாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

“நீங்க தள்ளுங்க,” என்றேன். “வெளிச்சத்த மறைக்கிறீங்க.”